கடற்கரைப் பிழைப்பில் மெத்தா: உட்காரும் பத்து நிமிடமும் மீதி நாளும்

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரையில் மீன், கருவாடு வியாபாரம் செய்கிறேன். பௌத்தர்களின் மெத்தா தியானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு முயன்று பார்த்தேன். ‘எல்லா உயிரும் இன்புற்றிருக்கட்டும்’ என்று சொன்னால் மனசில் ஒன்றும் தோன்றவில்லை. பிடிக்காத ஆளை நினைத்தால் கோபம்தான் கூடுகிறது. தினசரி வாழ்க்கையில் இதை எப்படிப் பழகுவது? மீனை விற்றுக்கொண்டே இதைச் செய்யலாமா?

பதில்: நீங்கள் தொடங்கியது கடைசிப் படியில். அதனால்தான் ஒன்றும் தோன்றவில்லை. ‘எல்லா உயிரும்’ என்பது பல மாதம் பழகிய பிறகு வர வேண்டியது. பிடிக்காத ஆள் அதற்குச் சற்று முன்னால் வருபவர். இரண்டையும் முதல் வாரத்திலேயே எடுத்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, ஏதோ ஓர் உணர்ச்சி பொங்கி வர வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஒருவர் நலமாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தைத் திரும்பத் திரும்ப மனசில் வைப்பதுதான் மெத்தா. நெஞ்சு குளிர்வதும் கண் கலங்குவதும் சில நாள் நடக்கும், பல நாள் நடக்காது. நடக்காத நாளிலும் விருப்பத்தை வைத்துவிட்டீர்களா, அன்றைய பாடு முடிந்தது.

யாரில் தொடங்குவது என்பதற்குப் பழைய வரிசை ஒன்று உண்டு. பௌத்தத் துறவி புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாலி நூலின் 9ஆம் அத்தியாயம் இதை விரிவாகச் சொல்கிறது. முதலில் தான்; அடுத்து தான் மதிக்கும், தனக்கு உதவிய ஒருவர்; பிறகு நெருங்கிய நண்பர்; பிறகு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்கிற ஒருவர்; கடைசியில் பகையாளி. யாரில் தொடங்கக் கூடாது என்பதையும் அவர் விளக்குகிறார். பிடிக்காதவரை முதலிலேயே அன்புக்குரிய இடத்தில் வைக்கப் பார்த்தால் மனம் களைத்துப்போகும். மிக நெருங்கிய நண்பரை வைத்தால், அவருக்குச் சின்னத் துன்பம் என்று நினைத்தாலே அழுகை வந்துவிடும். ஆண் ஒரு பெண்ணையோ, பெண் ஓர் ஆணையோ தனியாக வைத்துத் தொடங்கினால் ஆசை உள்ளே நுழைந்துவிடும். இறந்தவரை வைத்தால் மனம் ஒருமுகப்படாது.

கடைசியாகச் சொன்னது இந்தக் கரையில் முக்கியம். கடலில் போனவர் திரும்பாத வீடு இங்கே எத்தனையோ. அவர்களை நினைத்து மெத்தா சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கும். அதற்குப் பௌத்தத்தில் வேறு வழி இருக்கிறது: அவர் பேரில் யாருக்காவது சோறு போட்டு, அந்தப் புண்ணியத்தில் அவருக்கும் பங்கு சேரட்டும் என்று சொல்வது. அதைத் தனியாகச் செய்யுங்கள். காலையில் உட்காரும்போது உயிரோடு இருக்கும் ஆளையே எடுங்கள்.

உட்காருவதில் பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. பாய், நாற்காலி, சுவரில் சாய்ந்த முதுகு எல்லாம் சரி. பத்து நிமிடம் போதும். இறங்குதளத்துக்குப் போகும் முன் கிடைக்கும் நேரமே நல்லது. திரும்பி வந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பின் உட்கார்ந்தால் தூக்கம் தள்ளும். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள், ஏல விலை அதில்தான் வந்துகொண்டிருக்கும்.

பாலி மரபில் நான்கு வாக்கியங்கள் உண்டு. நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: ‘எனக்கு யாரோடும் பகை இல்லாதிருக்கட்டும். மனசில் நோவு இல்லாதிருக்கட்டும். உடம்பில் வாதை இல்லாதிருக்கட்டும். சுகமாக என் நாள் செல்லட்டும்.’ இதே நான்கையும் அடுத்தவருக்கு ‘அவருக்கு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூச்சை விடும்போது ஒரு வாக்கியம், அடுத்த மூச்சு சும்மா. அந்தச் சும்மா இருக்கும் மூச்சில் அவருடைய முகத்தைப் பாருங்கள். முகம் சரியாகத் தெரியாவிட்டால் அவர் நடக்கிற நடை, குரல், கட்டியிருக்கும் கைலி, எது பிடிபடுகிறதோ அது. வேகமாகச் சொன்னால் வாய்ப்பாடு ஆகிவிடும். வாய் ஓடும், மனம் ஐஸ் பாக்கியைக் கணக்குப் போடும். முதல் மாதம் தனக்கு மூன்று நிமிடம், உதவியவருக்கு ஏழு நிமிடம், அவ்வளவுதான். ஆளை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள்.

தனக்கே நலம் வேண்டுவது சுயநலம் மாதிரி இருக்கிறதே என்று பலர், குறிப்பாகப் பெண்கள், தயங்குவார்கள். தன்னை முதலில் வைப்பது ஒரு சாட்சிக்காகத்தான்: எனக்கு நோவு வேண்டாம், சுகம் வேண்டும், அடுத்தவருக்கும் அப்படித்தானே என்று மனசுக்குக் காட்ட. தன்னிலேயே நூறு வருஷம் உட்கார்ந்திருந்தாலும் ஆழ்ந்த ஒருமுகம் வராது என்று விசுத்திமக்கமே சொல்கிறது. ஆகவே தனக்கு என்பது ஒட்டவில்லையென்றால் இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உதவியவருக்குப் போங்கள். யாரை எடுப்பது? வலை வாங்கப் பணம் தந்து, வட்டியைப் பற்றி வாய் திறக்காத சித்தி. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட வாத்தியார். பெற்ற பிள்ளை வேண்டாம்.

ஏன் பிள்ளை வேண்டாம்? மெத்தாவுக்குத் தூரத்துப் பகை வன்மம். அதை எல்லாருக்கும் அடையாளம் தெரியும். பக்கத்துப் பகை பற்று. அது மெத்தா மாதிரியே வேஷம் போட்டு வரும். மகன் நேற்று மாலை படகில் போயிருக்கிறான், காற்று எழும்பியிருக்கிறது. அம்மா உட்கார்ந்து ‘அவனுக்கு வாதை இல்லாதிருக்கட்டும்’ என்கிறாள். இரண்டாவது சுற்றிலேயே அது ‘எப்படியாவது திரும்பிவிடட்டும்’ என்று மாறும். மூன்றாவதில் தோள் இறுகி, மூச்சு மேலேறி, காது வாசலில் இருக்கும். அங்கே நடப்பது பயம். அதற்காக அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவளை இன்னும் களைப்பாக்கிவிடும். அடையாளம் உடம்பில்தான் தெரியும்: மெத்தா இருந்தால் தாடையும் தோளும் தளரும், பயம் இருந்தால் இறுகும். இறுகியது தெரிந்தவுடன் மகனை விட்டுவிட்டு, அதே படகில் போயிருக்கும் வேறு ஒரு பையனை எடுத்து அதே நான்கு வாக்கியத்தைச் சொல்லலாம். பற்று இல்லாத முகம் என்பதால் விருப்பம் சுத்தமாக வரும். அதன் பிறகு மகனையும் சேர்த்து ‘படகில் இருக்கும் எல்லாருக்கும்’ என்று விரிக்கலாம். கரைப் பெண்கள் ஏற்கனவே பாதி செய்வது இது, வரிசைதான் வேறு.

வேண்டியவரும் இல்லாத, வேண்டாதவரும் இல்லாத ஆளைத் தேடுவது சுலபம் போலத் தோன்றும், ஆனால் எல்லாரும் சறுக்கும் இடம் அதுதான். சுவாரசியம் இல்லாத முகத்தில் மனம் நிற்காது. ஐஸ் உடைத்துக் கொடுப்பவர், ராமேஸ்வரம் பஸ்ஸின் கண்டக்டர், ரேஷன் கடையில் எடை போடுபவர், ஏலக்கூடத்தில் அடுத்த வரிசையில் நண்டு பிரிக்கும் அக்கா. இவர்களில் ஒருவரை எடுத்து ஒரு மாதம் மாற்றாமல் வையுங்கள். பகலில் அவரை நேரில் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு வாக்கியம், ஒன்றே ஒன்று. சில வாரத்தில் அவருக்கு இருமல் இருப்பது, இன்று வரவில்லை என்பது, செருப்பு அறுந்திருப்பது எல்லாம் கண்ணில் படத் தொடங்கும். வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நம்பகமான அறிகுறி கிடையாது. தியானத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இனி பகையாளி. இந்தக் கரையில் பகை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: நாட்டுப்படகுக்காரரின் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போவது, முன்பணம் வாங்கிக்கொண்டு மீனை வேறு ஆளுக்குப் போடுவது, படகு முதலாளியான சம்மாட்டிக்கும் கூலிக்குப் போனவனுக்கும் பங்குத் தகராறு, எடையில் கை வைப்பது. கடற்படையைச் சொல்பவர்களும் உண்டு. அமைப்பின் மேல் மெத்தா வைக்க முடியாது, முகம் இல்லையே. ஓர் ஆளைத்தான் வைக்க முடியும்.

வலையை அறுத்தவனை முதலில் எடுக்காதீர்கள். வரிசையில் முந்துகிற ஆள், கடன் கேட்டால் முகத்தைத் திருப்பும் மச்சான், இப்படி எரிச்சல் அளவில் இருப்பவரை எடுங்கள். அவரில் மனம் தளர்ந்த பிறகு அடுத்த கனம். வாக்கியம் சொல்லும்போதே கோபம் ஏறினால் அதோடு மல்லுக்கட்டாமல் உடனே உதவியவரின் முகத்துக்குத் திரும்புங்கள். அங்கே இரண்டு மூன்று நிமிடம் இருந்துவிட்டு மறுபடி இவரிடம். மூன்று தடவை போய்வந்தும் ஆகவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்படியும் நகரவில்லையென்றால் விசுத்திமக்கம் ஒரு பெட்டி நிறைய மருந்து வைத்திருக்கிறது. அவருடைய செய்கை, பேச்சு, எண்ணம் மூன்றில் எது கொஞ்சமாவது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பது: வாய் மோசம், ஆனால் ஆள் தண்ணீரில் விழுந்தால் முதலில் குதிப்பவன். மூன்றும் மோசம் என்றால் இரக்கத்துக்கு மாறுவது. இந்தச் செய்கையின் பலனை அவன்தானே அனுபவிக்கப் போகிறான். கோபப்படுவது எதன் மேல் என்று பிரித்துப் பார்ப்பது: தலைமயிர் மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா? இந்த உத்தி சிலருக்குச் சிரிப்பை வரவழைத்துவிடும், அதுவும் நல்லதே.

எல்லாம் தோற்றால் கடைசியாகக் கொடுத்தல். அவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுப்பது, அவரிடமிருந்து ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்வது. இலங்கையின் சித்தலபர்வத விகாரையில் ஒரு மூத்த பிக்கு இளையவர் ஒருவரை மூன்று தடவை தங்குமிடத்தைவிட்டு வெளியேற்றினாராம். இளையவர் தன் தாய் தந்த விலை உயர்ந்த திருவோட்டைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தார் என்று புத்தகோசர் எழுதுகிறார். நம் கரையில் இது ஒரு கை நெத்திலி. வீட்டுக்கு எடுத்துவைத்த மீனில் ஒரு கை அள்ளி, ‘அண்ணே, குழம்புக்கு வச்சுக்குங்க’ என்று நீட்டிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள். நின்று அவர் முகத்தைப் படிக்காதீர்கள். ஒரு நிபந்தனை: பாக்கி நிற்கும் ஆளிடம் ஏலக்கூடத்தில் நாலு பேர் முன்னால் இதைச் செய்தால் குத்திக்காட்டுவது போல ஆகும். வீட்டு வாசலில் செய்யுங்கள்.

மெத்தா வைத்தால் உரிமையை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அறுந்த வலைக்கு மீன்வளத் துறையில் புகார் கொடுங்கள், சங்கத்தில் பேசி நஷ்டஈடு கேளுங்கள், பாக்கியை வசூலியுங்கள். வீட்டில் அடிக்கிற ஆள் இருந்தால் அவர் எதிரில் உட்கார்ந்து மெத்தா சொல்வது பயிற்சி ஆகாது. முதலில் அங்கிருந்து விலகுங்கள், பெண்களுக்கான 181 எண்ணுக்கு அழையுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு, முடிந்தால், எத்தனை மாதம் கழித்தாவது.

பகல் முழுக்கப் பயன்படுவது பேச்சுதான். நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து அடையாளம் சொல்கிறார்: நேரம் அறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயன் உள்ளது, மெத்தாவோடு சொன்னது. ஐந்தையும் ஏலத்தின் நடுவில் நினைவு வைக்க யாராலும் ஆகாது. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது எடையைப் பற்றிப் பேசாதீர்கள். கூடை நகர்ந்து, கணக்கு எழுதி, தேநீர் வந்த பிறகு பேசுங்கள். குடித்திருப்பவரிடம் இரவில் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். ‘ஏமாத்திட்டீங்க’ என்பதற்குப் பதில் ‘எங்கிட்ட ரெண்டு கிலோ குறையுது, மறுபடி போட்டுப் பாக்கலாமா?’ என்றால் அது உண்மையும் ஆயிற்று, பயனும் ஆயிற்று.

புத்தரின் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் ககசூபம சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலியில் உரை) வேதேகிகா என்ற வீட்டுக்காரி வருகிறாள். சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பேர். அவளுடைய வேலைக்காரி காளிக்கு ஒரு சந்தேகம்: அம்மாவுக்குக் கோபமே இல்லையா, அல்லது நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் வெளியே வரவில்லையா? சோதித்துப் பார்க்க ஒரு நாள் தாமதமாக எழுந்தாள், முகம் சுளித்தது. அடுத்த நாள் இன்னும் தாமதம், திட்டு விழுந்தது. அதற்கும் அடுத்த தடவை கதவுத் தாழ்க்கட்டையாலேயே மண்டையில் அடி. எல்லாம் சரியாக நடக்கும் வீட்டில் யாரும் சாந்தமாக இருக்கலாம். உங்களுக்குக் காளி யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஐஸ் வண்டி தாமதமாக வரும் நேரமா, வெயிலில் காயும் காரல் மீனின் மேல் திடீரென்று மழை தூறும் நேரமா, குடிதண்ணீர் லாரி வராத நாளா. அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவைப்பது, நாள் முழுவதும் அன்பாக இருப்பேன் என்று சபதம் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். மெத்தாவைப் பற்றிய புத்தரின் உரையான மெத்த சுத்தம் நீளமானவை, பெரியவை, நடுத்தரமானவை, குட்டையானவை, கண்ணுக்குத் தெரிபவை, தெரியாதவை, தூரத்தில் இருப்பவை, பக்கத்தில் இருப்பவை என்று அடுக்கி எல்லா உயிரையும் உள்ளே கொண்டுவருகிறது. மீன் அதில் இல்லை என்று வளைக்க இடமில்லை. இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய வியாபாரம் என்று இன்னொரு உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயம் ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம். உங்கள் தொழிலுக்கும் இந்தப் பயிற்சிக்கும் உரசல் உண்டு; அதை மழுப்பிச் சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் தொழிலை விட்டுவிட்டு வந்தால்தான் உட்காரலாம் என்ற நிபந்தனையும் எங்கும் இல்லை. கடன், வலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இருக்கும் வீட்டில் நாளை காலையே தொழிலை மாற்ற முடியாது.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வலையில் உயிரோடு வந்த ஆமையை உடனே விடுவது. சினை நண்டைத் திருப்பிப் போடுவது. பொடிக் குஞ்சை அள்ளும் சிறு கண்ணி வலையைக் கைவிடுவது. வியாபாரியான நீங்கள் அந்தக் குஞ்சு மீனை ஏலத்தில் எடுக்காமலிருப்பது. பெரிய மீனை வெயிலில் துடிக்கவிடாமல் சட்டென்று முடித்து உடனே ஐஸில் போடுவது, தரமும் கெடாது. கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை, அங்கே யோசிக்கவே வேண்டாம். பௌர்ணமியும் அமாவாசையும் பௌத்தர்களின் உபோசத நாட்கள், அதாவது நோன்பு நாட்கள். மாதத்தில் அவற்றில் ஒரு நாளாவது உயிர்க்கொலை இல்லாமல் கழிப்பது உங்கள் நிலையில் இருப்பவருக்கு நியாயமான அளவு. இதையெல்லாம் செய்தும் உறுத்தல் இருந்தால் இருக்கட்டும். அதை அவசரமாகத் தீர்த்துவிட வேண்டும் என்பதில்லை.

மதம் மாற வேண்டுமா என்ற கேள்வியும் பின்னால் வரும். வேண்டாம். கீழக்கரையில் துஆ செய்கிறவரும் தங்கச்சிமடத்தில் ஜெபம் சொல்கிறவரும் ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகிறவரும் இதைப் பழகலாம். பிரார்த்தனையில் கேட்கிறீர்கள், இங்கே உங்கள் மனசைப் பழக்குகிறீர்கள். இரண்டையும் ஒரே பத்து நிமிடத்தில் கலக்காமல் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது.

மெத்தாவுக்குப் பதினொரு பலன்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சுகமாகத் தூங்குவான், சுகமாக எழுவான், கெட்ட கனவு காணமாட்டான் என்பவை முதல் மூன்று. இவற்றைச் சில வாரத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். நெருப்பும் விஷமும் ஆயுதமும் தீண்டாது என்றும் ஒன்று வருகிறது. அதை நம்பி உயிர்காப்புச் சட்டையைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உட்கார்ந்து பழகியது நிலைத்தபின் நடந்துகொண்டே செய்யலாம். நிற்கும்போதும் நடக்கும்போதும் உட்காரும்போதும் படுத்திருக்கும்போதும், தூக்கம் வராத வரை இந்த நினைவில் இருக்கச் சொல்கிறது மெத்த சுத்தம். பாம்பன் சாலைப் பாலத்தில் நடப்பவருக்குத் திசை வாரியாக விரிப்பது எளிது: வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் இருப்பவர்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள், கிழக்கே தீவு, மேற்கே மண்டபம், கீழே தண்ணீரில் இருப்பவை. ஒரு திசைக்கு இருபது முப்பது அடி நடை. வாக்கியம் நீளமாக இருந்தால் நடைக்கு ஒத்துவராது, ‘நலமாக இருக்கட்டும்’ என்பது போதும். தமிழிலேயே கனமான ஒன்று வேண்டுமென்றால் மணிமேகலையில் ஊர் வாழ்த்தாக வருவது இருக்கிறது: ‘பசியும் பிணியும் பகையும் நீங்கி வசியும் வளனும் சுரக்க’. வசி என்பது மழை. நம் மாவட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வாழ்த்த முடியாது.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. நேரம் கிடைக்கிறதே என்று அப்போது தொடங்க நினைப்பார்கள். என் கருத்து, தொடங்க அது நல்ல காலமில்லை. வருமானம் இல்லை, கடன்காரர் வீட்டுக்கு வருவார், ஆண்கள் நாள் முழுக்க வீட்டில். அந்த நெருக்கடியில் புதிதாகப் பழகுபவர் பத்து நாளில் விட்டுவிடுவார். தை, மாசியில் பத்து நிமிடமாகத் தொடங்கி, உதவியவர், ஐஸ்காரர் வரை வந்து நின்றிருந்தால், தடைக்காலத்தில் அதைக் காலையும் மாலையும் இருபது நிமிடமாக நீட்டி, எரிச்சல் தரும் ஆள் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆள் அப்போது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.